மூன்று வண்டியும் கழன்று கிடந்த ஞாயிறு

1. நோயில்லாத நோயாளி

பஸ் டிப்போவில் நான் ஃபிட்டராக இருந்த காலமெல்லாம் ஒரு வண்டி என் கைக்கு வருவதென்றால் அது பாதி மவுத்தாகி, செத்துக் கிடக்கிற நிலையில்தான் வரும். டிரைவர் இறங்கி, அண்ணன் என்கிற முறையில், "நானா, இது இனி நகராது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அப்படிப்பட்ட வண்டிகளோடு பழகியவன் நான். ஆகவே ஓய்வுபெற்று, கடற்கரை ஊரான ஆலங்குடாவில் என் காணியில் ஒரு கராஜ் போட்ட பிறகு, முதலாவதாக வந்த வாடிக்கையாளரை எனக்கு விளங்கவே இல்லை.

அவர் புத்தளத்தில் பல் வைத்தியம் பார்க்கும் டொக்டர் சிவநேசன். சண்டைக் காலத்தில் சிறு வயதிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தோடு வந்து புத்தளத்தில் தங்கிவிட்டவர். ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்றை ஓட்டி வந்து தென்னை நிழலில் நிறுத்தினார். காது கொடுத்துக் கேட்டேன். எஞ்சின் சத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

"வண்டிக்கி என்ன டொக்டர்?"

"ஒரு பிழையும் இல்லை நானா."

"அப்ப என்னத்துக்குக் கொண்டு வந்தீங்க?"

"ஒரு பிழையும் இல்லை எண்டதை ஒருக்காக் கழட்டிப் பாத்து உறுதிப்படுத்தவேணும்."

அன்றைக்கு அவர் ஜீப்புக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கிரீஸ் நிப்பிளாகத் தேய்த்தார். நான் பக்கத்தில் குந்தியிருந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். பின்னேரம் எல்லாவற்றையும் பூட்டி முடித்து ஸ்டார்ட் செய்தபோது, காலையில் கேட்ட அதே சத்தம்தான் கேட்டது. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் பிடித்துப் போய்விட்டது.

2. கழற்றும் போட்டி

அடுத்த ஞாயிறு அவர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஒருவர் நவ்ஷாத் ஹாஜியார். களப்பு என்னும் கடல் நீரேரியின் ஓரத்தில் உப்பளம் வைத்திருப்பவர். டொக்டர் எடுத்த அதே ஏலத்தில் அதே வகை ஜீப்பை எடுத்தவர். இருவருடைய சிநேகமும் அங்கே தொடங்கியதுதான். மற்றவர் கிறிஸ்டி, சிலாபத்துக்காரர். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றில், பட்டத்தைப் பிடித்து அலைமேல் சறுக்கும் கைட் சர்ஃபிங் செய்ய வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆலங்குடாவில் லொட்ஜ் நடத்துகிறார். அவரிடம் இருந்தது டபுள் கேப் பிக்கப். ஃபோனில் எந்த வீடியோவைப் பார்த்தாலும் அதில் வரும் சாமானை வாங்கிவிடுவார். பூட்டுவது பிறகு பார்க்கலாம் என்று உறை பிரிக்காமலே வைத்திருப்பார்.

ஹாஜியாரின் சங்கதிதான் வேடிக்கை. கிழமை முழுவதும் உப்பு விளைய வேண்டும் என்று துஆ கேட்பார். ஞாயிறு வந்தால் அதே உப்பை ஜீப்பிலிருந்து விரட்டப் பாடுபடுவார். மூவரும் கடற்கரை மணலில் பக்கத்துக் கண்டக்குழி வரை ஓட்டிவிட்டுத் திரும்புவார்கள். அதற்கு அதிக நேரம் ஆகாது. ஈர மணல் கண்ணில் பட்டதுமே ஹாஜியார் ஸ்டியரிங்கை மறுபக்கம் திருப்பிவிடுவார். பிறகு என் கிணற்றுத் தண்ணீரில் கழுவல் தொடங்கும். கீழே, மேலே, சக்கரச் சில்லுக்கு உள்ளே, கதவு இடுக்கில் என்று பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்கும் வரை கழுவுவார்கள். ஓடியதை விடக் கழுவியது கூட.

கழுவலுடன் நின்றிருந்தால் நல்லது. அது மெல்ல மெல்லப் போட்டியாகிவிட்டது. ஒருவர் பிரேக் ட்ரம்மைத் திறந்தால் மற்றவருக்குச் சும்மா இருக்க முடியாது, அவர் கியர் பொக்ஸ் மூடியைத் திறப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொன்னேன்.

"ஒரு ஞாயித்துக்கு ஒரு வண்டியக் கழட்டுவமே. மூனையும் ஒரே நேரத்துல பிரிச்சிப் போட்டா அவசரத்துக்கு ஒன்டு வேணாமா?"

டொக்டர் யோசித்துவிட்டுக் கேட்டார். "அப்ப மற்ற ரெண்டு பேரும் என்ன செய்யிறது?"

நான் ஸ்பேனர் பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

3. வீரபத்திரன் வந்தார்

சோளகம் பலமாக அடித்த மாதம். அந்த மாதத்து ஞாயிறு ஒன்றில் மூன்று வண்டிகளும் என் முற்றத்தில் கிடந்த கிடை இதுதான். டொக்டரின் ஜீப்பில் முன் சில்லு இரண்டும் இல்லை, பெயாரிங் எல்லாம் மண்ணெண்ணெய்த் தட்டில் குளித்துக்கொண்டிருந்தன. கிறிஸ்டியின் டபுள் கேப்பில் புது லைட் போடப்போய் வயர்கள் இடியப்பம் மாதிரி வெளியே தொங்கின, சில்லைச் சுழற்றும் ப்ரொப் ஷாஃப்ட் வேறு கீழே கிடந்தது. ஹாஜியார் ரேடியேட்டரைக் கழற்றி வெயிலில் வைத்திருந்தார். கழற்றும்போது அதன் கீழ் ரப்பர் ஹோஸ் வெடித்துவிட்டது. பெட்டரி சார்ஜ் செய்ய டவுனுக்குப் போயிருந்தது. பொனட், கதவு, சீட்டு எல்லாவற்றையும் கழுவித் தென்னை மரத்தில் சாய்த்திருந்தார்.

அந்த நேரம் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு ஆள் ஓடி வந்தார். சாரம் முழங்காலுக்கு மேல், உடம்பெல்லாம் நனைந்திருந்தது. உடப்பு ஊரிலிருந்து வந்து கண்டக்குழியில் வாடிக் குடிசை போட்டு மீன் பிடிக்கும் வீரபத்திரன். காற்று கொஞ்சம் ஓய்ந்தது என்று நம்பி விடியவே கடலுக்குப் போயிருக்கிறார். கரைக்குத் திரும்பும்போது எஞ்சின் நின்றுவிட்டது. அலை படகைக் குறுக்காகத் திருப்பிக் கரையோர மணல் திட்டில் போட்டுவிட்டது.

"தம்பி கயித்தப் புடிச்சிக்கிட்டு தண்ணிக்குள்ள நிக்கிறான் நானா. ட்ரெக்டர்காரர் ஊர்ல இல்ல. ஒரு ஜீப்பு வந்தா இழுத்துரலாம். இன்னும் கொஞ்ச நேரம் அடிச்சா ஃபைபர் போட்டு ரெண்டாப் பொளந்துரும். எங்க ரெண்டு குடும்பத்துக்கும் அந்த ஒரு போட்டுத்தான்."

சொல்லிக்கொண்டே முற்றத்தைப் பார்த்தார். மூன்று வண்டிகள் நிற்பதைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்தது. பிறகு சில்லில்லாத ஜீப்பைப் பார்த்தார், வயர்களைப் பார்த்தார், மரத்தில் சாய்ந்திருந்த சீட்டைப் பார்த்தார்.

"இதுல எது ஓடும்?" என்றார்.

டொக்டர் பெயாரிங் தட்டைக் காலால் பின்னுக்குத் தள்ளினார். அந்தக் கரையோரம் முழுவதிலும் இவ்வளவு நன்றாகப் பராமரிக்கப்பட்ட வண்டிகள் வேறு இல்லை. ஓடக்கூடியதென்று அந்த முற்றத்தில் இருந்தது என்னுடைய மோட்டார் சைக்கிள் மட்டும்தான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

4. மூன்றைச் சேர்த்து ஒன்று

"ஹாஜியார்ட ஜீப்புக்குச் சில்லு இரிக்கி," என்றேன். "டொக்டர்ட ஹோஸ் இதுக்குச் சரி வரும். பெட்டரி கிறிஸ்டிட. கெதியாப் பூட்டினா போகலாம்."

டொக்டர் தயங்கினார். "அந்த ஹோஸ் போன மாசம்தான் புதுசாப் போட்டனான் நானா."

"அதனாலதான் அது வேணும்," என்றேன்.

கிறிஸ்டி தன் பெட்டரியைக் கழற்றினார். வாங்கி வைத்து இன்னும் பிரிக்காத இழுவைப் பட்டியையும் உறையோடு கொண்டு வந்தார். உறையை அவரே கிழித்தார்.

ஹாஜியார் மட்டும் அசையவில்லை. "கடல் தண்ணிக்குள்ளயா எறக்கச் சொல்றீங்க? சேஸியில இன்னும் ஒரு சொட்டு உப்புத் தண்ணி பட்டதில்ல நானா."

வீரபத்திரன் கடல் பக்கம் திரும்பி நின்றார். காற்றுக்கு மேலால் அலைச் சத்தம் கேட்டது. ஹாஜியார் அவருடைய முதுகைப் பார்த்தார்.

"ஒரு வருஷம் உப்பு அள்ளுற நேரம் மழை பேஞ்சிச்சி," என்றார் மெதுவாக. "எல்லாம் கரையிறத நான் வரம்புல நின்டு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒருத்தருக்கும் ஒன்டும் செய்ய ஏலாமப் போச்சி." பிறகு சாரத்தை மடித்துக் கட்டினார். "ரேடியேட்டரத் தாங்க."

வழமையாக அந்த ரேடியேட்டரைப் பூட்ட அரை நாள் போகும். ஒவ்வொரு போல்ட்டையும் துடைத்து, கிரீஸ் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் போடுவார்கள். அன்றைக்கும் டொக்டர் பழக்கத்தில் ஒரு போல்ட்டை பிரஷ்ஷால் தேய்க்கத் தொடங்கினார். நான் பிரஷ்ஷைப் பிடுங்கி மணலில் எறிந்தேன். படித்த மனிதரிடம் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. அவர் கோபிக்கவில்லை, போல்ட்டை அப்படியே போட்டு இறுக்கினார்.

சீட் பூட்ட நேரமில்லை. கிறிஸ்டி லொட்ஜிலிருந்து கொண்டு வந்திருந்த ஒரு பிளாஸ்டிக் போத்தல் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். ஹாஜியார் உட்காரப் போனவர் நின்றார்.

"இது என்ன பெட்டி கிறிஸ்டி?"

"சோடாப் பெட்டி ஹாஜியார்."

உள்ளே என்ன சோடா இருந்தது என்று ஹாஜியாரும் கேட்கவில்லை, கிறிஸ்டியும் சொல்லவில்லை. ஒரு துவாயை மடித்து மேலே போட்டுவிட்டு பிஸ்மி சொல்லி ஸ்டார்ட் செய்தார். பொனட் இல்லை, கதவு இல்லை. நாங்கள் பின்னால் தொற்றிக்கொண்டு போனோம்.

5. இழுவை

கரையில் வீரபத்திரனின் தம்பி இடுப்பளவு தண்ணீரில் கயிற்றோடு நின்றான். படகு பாதி நிரம்பிவிட்டது. ஒவ்வொரு அலைக்கும் மணலில் மோதி முனகியது. கிறிஸ்டியின் பட்டி வீடியோவில் பார்க்க நீளமாகத்தான் இருந்திருக்கும், இங்கே எட்டவில்லை. ஜீப்பைப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இறக்க வேண்டியிருந்தது.

இறக்கியதும் சில்லு புதைந்தது. ஹாஜியார் அக்ஸிலேட்டரை மிதிக்க இன்னும் புதைந்தது. அப்போது டொக்டர் கத்தினார்.

"மிதிக்காதேங்கோ. காத்தை இறக்கவேணும்."

அவரே தண்ணீருக்குள் குந்தி நான்கு டயரிலும் காற்றைப் பாதிக்கு இறக்கினார். அலை தலைக்கு மேலால் போனது, அவருடைய மூக்குக் கண்ணாடி கடலோடு போய்விட்டது. இறக்கி முடித்ததும் சில்லு மணலைப் பிடித்தது. வருடக் கணக்காக அவர் ஜீப் புத்தகங்களை வாசித்துத் தள்ளியதெல்லாம் வீண் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த நினைப்பை விட்டேன்.

படகின் மூக்கில் பட்டியைக் கட்டினோம். நானும் கிறிஸ்டியும் வாளியால் தண்ணீர் இறைத்தோம். வீரபத்திரன் கடலைப் பார்த்து நின்று கட்டளை போட்டார்.

"பொறுங்க. பெரிய அலை வரட்டும். பொறுங்க. இப்ப இழுங்க. நிப்பாட்டுங்க."

அலை தூக்கும்போது இழுப்பதும் இறங்கும்போது நிறுத்துவதுமாக, படகு கொஞ்சம் கொஞ்சமாக நேரே திரும்பிக் கரைக்கு ஏறியது. ஒரு பக்க விளிம்பு மட்டும் வெடித்திருந்தது. ஃபைபர் ஒட்டினால் சரியாகிவிடும். தம்பி மணலில் மல்லாந்து படுத்துவிட்டான். ஹாஜியார் போத்தல் பெட்டியிலிருந்து இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்க மறந்து போய் உட்கார்ந்திருந்தார்.

6. கடைசியில் ஒரு நோயாளி

ஆனால் வீரபத்திரன் படகின் பின்னால் பூட்டியிருந்த எஞ்சினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். அது முழுக்கக் கடலுக்குள் கிடந்து எழும்பியிருந்தது. எஞ்சின் இல்லாத படகை வைத்து என்ன செய்வது?

"இத இப்பவே தெறந்து நல்ல தண்ணியில கழுவணும்," என்றேன். "நாளைக்கி என்டா உள்ளுக்குத் துருப் புடிச்சிரும்."

நான் வீரபத்திரனிடம்தான் சொன்னேன். மற்ற மூன்று தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. எத்தனையோ ஞாயிறுகளாகச் சுகமான வண்டிகளைக் கழற்றியவர்களுக்கு உண்மையாகவே திறக்க வேண்டிய ஒன்று கிடைத்துவிட்டது.

கராஜில் எஞ்சினை மேசையில் ஏற்றியதும் டொக்டர் கை கழுவி, ஜீப்பில் இருந்த வேறு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளுங்கோ. வெளிச்சத்தை மறைக்காதேங்கோ."

பிளக்கைக் கழற்றி உப்புத் தண்ணீரை வடித்தோம். கிறிஸ்டி கிணற்றில் இறைக்க இறைக்க ஹாஜியார் ஊற்றிக் கழுவினார். உப்பை விரட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கார்ப்பரேட்டர் துவாரத்தில் மணல் அடைத்திருந்தது. டொக்டர் ஜீப்பிலிருந்த தன் பெட்டியைத் திறந்து, பல்லின் வேரைத் துப்புரவாக்கும் மெல்லிய ஊசியை எடுத்து மணலைக் கிண்டினார்.

"இது நாளைக்கு யாருடைய வாய்க்குள்ளயும் போகாதுதானே டொக்டர்?" என்று கிறிஸ்டி கேட்டார்.

"இது பழசு," என்றார் டொக்டர். எவ்வளவு பழசு என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு எனக்குப் பல்வலி வந்தாலும் கராம்பு வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன்.

காய வைத்து, எண்ணெய் விட்டு, தண்ணீர் நிறைத்த பீப்பாய்க்குள் இறக்கினோம். வீரபத்திரன் கயிற்றை இழுத்தார். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தார். இருமியது, நின்றது. அவர் கயிற்றை விட்டுவிட்டார். ஹாஜியாரின் உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது. தம்பி வந்து கயிற்றை வாங்கி ஒரே இழுப்பு இழுத்தான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. முற்றம் முழுக்கப் புகை. வீரபத்திரன் மணலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். டிப்போவில் இருந்த காலத்தில் நான் எத்தனையோ எஞ்சின்களை எழுப்பியிருக்கிறேன், ஒன்றுக்கும் என் கண் கலங்கியதில்லை. அன்றைக்குக் கலங்கியது.

எல்லாரும் போகும் நேரத்தில்தான் ஹாஜியார் தன் ஜீப்பைப் பார்த்தார். உப்பு வெள்ளையாகக் காய்ந்து போயிருந்தது. நான் வாளியை எடுத்தேன்.

"நாளைக்கிக் கழுவுவம் நானா," என்றார்.

7. இப்போதைய ஏற்பாடு

அந்த ஞாயிறுக்குப் பிறகு எங்கள் கராஜில் ஒரு சட்டம் உண்டு. எத்தனை வண்டி வந்தாலும் ஒன்றில் மட்டும் ஸ்பேனர் படக் கூடாது. சில்லு, பெட்டரி, சீட் எல்லாவற்றோடும் அது வாசலைப் பார்த்து நிற்க வேண்டும். இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கும் நான் சொல்வது இதைத்தான். எதை வேண்டுமானாலும் கழற்றிப் பழகுங்கள், ஓடுகிற ஒன்றை நிறுத்தி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். யாராவது ஓடி வரும்போது அவருக்கு வேண்டியது நம் வண்டியின் பளபளப்பு அல்ல.

சட்டத்தின்படி, வண்டியைக் கழற்றாமல் காத்திருக்கும் முதல் முறை ஹாஜியாருக்கு வந்தது. மற்ற இருவரும் மண்ணெண்ணெயில் கை நனைத்துச் சிரித்துக்கொண்டிருக்க, அவர் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கடற்கரைப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீரபத்திரன் கடலுக்குப் போய்ட்டானா நானா?"

"விடியவே போய், நல்ல மீனோட வந்துட்டான் ஹாஜியார்."

"அல்ஹம்துலில்லாஹ். வேற யாரும் வாறாங்களா?"

"ஒருத்தரும் இல்ல."

அஸர் பாங்கு சொல்லும் வரை ஒருவரும் வரவில்லை. அவர் எழுந்து கதிரையை மடித்தார்.

"எல்லாருக்கும் சொகம் போல இரிக்கி இன்டைக்கி," என்றார். அவ்வளவு நல்ல செய்தியை அவ்வளவு வருத்தத்தோடு ஒரு மனிதர் சொல்லி நான் கேட்டதில்லை.