துணை நடிகைக்கான கப்பு

நெய்வேலியில் எந்த விசேஷமானாலும் பந்தல் என்னுடையதாகத்தான் இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். மூங்கில் சுமந்த ஆள், இன்றைக்கு மூன்று லாரிக்குச் சொந்தக்காரன். யாரும் தூக்கிவிடவில்லை. இதை எந்த மேடையிலும் சொல்வேன், இங்கேயும் எழுதுகிறேன்.

நகரியத்தில் வருஷா வருஷம் நடக்கும் நாடகப் போட்டிக்குப் பந்தல் நான்தான். சிறந்த துணை நடிகைக்கான சுழற்கோப்பையும் நான் கொடுத்ததுதான். அதனால் என்னையும் ஒரு நடுவராக உட்காரவைப்பார்கள். மற்ற இருவர் படித்தவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இன்னொருவர் பாண்டிச்சேரியில் நாடகம் படித்த அம்மா.

அந்தக் கப்பு வந்த கதை வேறு. அப்போது நானும் என் மனைவியும் ஒரு குவார்ட்டர்ஸின் பின்னால் தகரக் கொட்டகையில் குடியிருந்தோம். இதே போட்டிக்கு நான் கூலிக்குப் பந்தல் கட்டிய வருஷம், எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு குழுவுக்குக் கடலூரிலிருந்து வரவேண்டிய நடிகை வரவில்லை. வசனம் கிடையாது, வந்து நின்று அழுதால் போதும் என்று கெஞ்சி இவளைக் கூட்டிப்போனார்கள்.

வேலைக்குப் போன புருஷன் இனி திரும்பமாட்டான் என்று சேதி வருகிற கட்டம். இவள் அழவில்லை. சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். கொடியில் கிடந்த அவன் சட்டையின் காலரைத் தொட்டு, காய்ந்துவிட்டதா என்று பார்த்தாள். பிறகு அதைக் கொடியிலேயே விட்டுவிட்டாள். சபையில் சுரங்க ஷிஃப்டுக்குக் கிளம்பி எழுந்தவர்கள் டிபன் பையோடு அப்படியே நின்றார்கள். நான் பந்தல் காலைப் பிடித்தபடி நின்றேன். கட்டிய பெண்டாட்டியின் முதுகை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பதுபோல இருந்தது.

அந்தக் குழுவுக்கு நாடகத்துக்கான முதல் பரிசு கிடைத்தது. நடிப்புப் பரிசு வேறு குழுவுக்குப் போனது. சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்த அவள்தான் எனக்குச் சமாதானம் சொன்னாள்.

“கப்ப வாங்கினு வந்து எங்க வைக்கறது? வூட்ல அலமாரியா இருக்குது?”

பிறகு வீடு கட்டினேன். கூடத்துச் சுவர் முழுக்கத் தேக்கில் கண்ணாடி அலமாரி போட்டேன். இந்தப் பக்கத்தில் அப்படி ஒன்று யார் வீட்டிலும் கிடையாது. ஒருநாள் டிவியில் ஏதோ பரிசளிப்பு விழா ஓடிக்கொண்டிருந்தது. வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்.

“அன்னிக்கி நான் நல்லாத்தான பண்ணேன்?”

நல்லாத்தான் பண்ணே என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அவள் போய்ச்சேர்ந்த பிறகுதான் கப்பு செய்யக் கொடுத்தேன். போட்டிக்கு முன்னால் சில நாள் அது என் அலமாரிக்குத் திரும்பி வரும். அந்த நாட்களில் வெளியூர் வேலை எதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

வருஷா வருஷம் யாராவது ஒரு பெண் வாங்கிப்போகிறாள். எல்லாரும் நன்றாகத்தான் நடிக்கிறார்கள். நான் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது மட்டும் வருவதில்லை.

இந்த வருஷம் வந்தது. குறிஞ்சிப்பாடிக் குழுவின் நாடகத்தில், பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்தப் பெண்ணாக நடித்தவள், உடுத்திக்கொள்ள இரவல் வாங்கிய பட்டுப்புடவையை எங்களுக்கு முதுகு காட்டி நின்று நீவி நீவி மடித்தாள். மடித்து முடித்தவளுக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்படியே நின்றாள். வாத்தியார் என்னிடம் ஏதோ கேட்டார், என் காதில் விழவில்லை.

பரிசை எப்படி முடிவுசெய்கிறார்கள் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. மார்க் போடுவது ஒரு பக்கம். எந்தக் குழுவும் வெறுங்கையோடு போகக்கூடாது என்பது இன்னொரு பக்கம். போனால் அடுத்த வருஷம் வரமாட்டார்கள். அதனால் பந்தியில் இனிப்பு வைக்கிற மாதிரி இலைக்கு ஒன்றுதான். பஜ்ஜியும் டீயும் வந்த அறையில், அந்தப் பெண் நன்றாகச் செய்தாள் என்பதில் எங்கள் மூவருக்கும் தகராறே இல்லை.

“அவங்களுக்குத்தான் முதல் பரிசு முடிவாயிடுச்சுங்களே,” என்றார் வாத்தியார். “சேத்தியாத்தோப்புக்காரங்கள என்ன சொல்லி அனுப்பறது?”

“முதல் பரிச அவங்களுக்குக் குடுங்க சார். கப்பு இந்தப் பொண்ணுக்கு.”

பாண்டிச்சேரி அம்மா என்னைப் பார்த்தார். “எது வேணும்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டா என்ன சொல்லும்னு யோசிச்சீங்களாய்யா?”

“எம் பொஞ்சாதிகிட்டயும் அன்னிக்கி யாரும் கேக்கலம்மா.”

வாத்தியார் தாளில் பெயர்களை மாற்றி எழுதினார். கப்பும் என்னுடையது, பந்தலும் என்னுடையது.

சேத்தியாத்தோப்புக்காரர்கள் விசில் அடித்துக்கொண்டே மேடையேறி முதல் பரிசை வாங்கினார்கள். பிறகு அந்தப் பெண் வந்தாள். கப்பைக் கொடுக்கும்போது, வீட்டில் வைக்க இடம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“ஒத்திகை பாக்குற எடத்துல வச்சிக்கிறோம்ங்கய்யா. எல்லாருக்கும் சேத்துதான,” என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “நாடகத்துக்கு ஒண்ணும் இல்லீங்களா?”

“இது உனக்குத்தாம்மா,” என்றேன்.

அவள் திரும்பினாள். மேடை ஓரத்தில் நின்ற தன் குழுவைப் பார்த்தபடி, கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாதவளாக நின்றாள். இந்தப் பக்கம் பாரும்மா என்றார் போட்டோக்காரர். அவள் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் நான் ஏங்கிக் கிடந்த முதுகு கையெட்டும் தூரத்தில் இருந்தது. நல்லாத்தான் பண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

போட்டோவில் என் முகமும் அவள் முதுகும்தான் விழுந்திருக்கின்றன. பெரிதாக்கி, கப்பு திரும்பி வரும்போது வைக்கிற தட்டில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் யார் இந்தப் பெண் என்று கேட்கிறார்கள். நன்றாக நடிப்பாள் என்று மட்டும் சொல்கிறேன்.