துண்டுக்குள் இருந்த விரல்கள்

நுரையீரல் புற்றுநோய்க்காக அம்மாவுக்கு முதல் கீமோ ஏற்றிய அன்று, பாளையங்கோட்டை மருத்துவமனையில் அடுத்த நாற்காலியில் அவர் இருந்தார். முக்கூடல்காரர். அறுபது வயதிருக்கும். முகமெங்கும் சிவந்த பருக்கள். அம்மாவைப் போலவே அவருக்கும் நோய் எலும்பு வரை பரவியிருந்தது. கீமோவோடு தினமும் ஒரு மாத்திரையும் சாப்பிட்டு வந்தார். யார் பக்கத்தில் வந்தாலும் கைகளைத் துண்டுக்குள் இழுத்துக்கொள்வார்.

அவர் தண்ணீர் குடிக்கும்போது பார்த்துவிட்டேன். நகங்களைச் சுற்றி வெடித்துச் சீழ் கட்டியிருந்தது.

"டாக்டர்ட்ட காட்டலையா அண்ணாச்சி?"

"பைய பேசும் வே. எல்லாம் அந்த மாத்திரையாலதான். காட்டினா நிப்பாட்டிருவாவ. அதத் தின்ன பொறவுதான் எனக்கு மூச்சே சீரா வருது."

அதே மாத்திரை அம்மாவின் பையிலும் இருந்தது. நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே அம்மா நர்ஸைக் கூப்பிட்டுவிட்டாள்.

"இவுக கையக் கொஞ்சம் பாரும்மா."

டாக்டர் வந்தார். புண் ஆறும்வரை மாத்திரை வேண்டாம், பிறகு அளவைக் குறைத்துத் தொடரலாம், கீமோ நிற்காது என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி அம்மாவை ஏசப்போகிறார் என்று பயந்தேன். அவர் நெஞ்சில் கைவைத்து அவளிடம் கேட்டார்:

"ஏம்மா, புண்ணு ஆறுத வரைக்கும் இது உள்ள சும்மா கெடக்குமா?"

"கெடக்கும் அண்ணாச்சி" என்றாள் அம்மா. எதை வைத்துச் சொன்னாளோ! அதற்குப் பிறகுதான் அவர் கண்ணயர்ந்தார்.

எங்களுக்கு அடுத்த முறை வேறு நாள் கொடுத்தார்கள். அவரை நான் மறுபடி பார்க்கவில்லை. அம்மா சொன்னபடி அது சும்மா கிடந்திருக்க வேண்டுமே என்று இன்னும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.