ஆன்ம இளைப்பாற்றிப் பட்டியலில் அண்ணன்

பேசாலையிலிருந்து கடலுக்குப் போன என் அண்ணன் திரும்பாமல் ஏழு வருடமாகிறது. ஒவ்வொரு வருடமும் அவன் பிறந்தநாளுக்கு அம்மா தேவாலயத்தில் பூசை ஒப்புக்கொடுப்பார். பாதர் தங்கும் பங்குமனையில் "சுகமாய் வந்து சேர" என்றுதான் எழுதிக் கொடுப்பார்.

இம்முறை முழங்கால் வலியால் என்னை அனுப்பினார். எனக்கோ அம்மாவின் காத்திருப்பைப் பார்த்துச் சலித்துப்போயிருந்தது. இனியாவது அம்மா அழுது தீர்க்கட்டும் என்று, இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்கான பட்டியலில் அண்ணனின் பெயரை எழுதிவிட்டேன்.

ஞாயிறு பூசையில் பாதர் அதை வாசித்தார். என்னைப் பிடித்திருந்த அம்மாவின் கை விலகியது.

பூசை முடிந்ததும் அம்மா நொண்டி நொண்டி அவரிடம் போனார்.

"பாதர், உயிரோட இருக்கிற பிள்ளையைச் செத்த ஆக்களோட சேர்த்து வாசிச்சுப்போட்டீங்கள்."

பாதர் என்னைப் பார்த்தார்.

"ஓம் அம்மா, நான்தான் பிழையா வாசிச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றார்.

அடுத்த ஞாயிறு, அண்ணன் சுகமாய் வந்து சேர வேண்டுமென்று பாதர் மன்றாடினார். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் சொன்னபோது என் குரல்தான் உரக்கக் கேட்டது. காத்திருப்பது அம்மா மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அம்மா திரும்பிப் பார்த்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெயரை அங்கே எழுதியது யாரென்று இன்றுவரை அவர் கேட்கவில்லை.