இரண்டாம் முறை பார்த்த ஆமிஷ் படம்

நானும் அவளும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் என்பதுதான் ஏற்பாடு. உண்மையில் ஒன்றரை வருடமாக இந்த வெளிநாட்டு நகரில் மனுகாவ் பகுதி முழுக்கச் சேர்ந்தே சுற்றியிருந்தோம். ஆனால் காதல் என்று சொல்லிக்கொண்டு எவனும் தன் வீட்டு வாசலுக்கு வரக்கூடாது என்று அவளுடைய அப்பா எப்போதோ சொல்லிவிட்டார். அதனால் கோயிலில் பழக்கமான ஓர் அக்காவைப் பிடித்து, அவர் வாயால் சம்பந்தம் பேசவைத்து, முறைப்படி பெண் பார்க்கிற மாப்பிள்ளையாக நகரின் மறுகோடியில் ரானுயியில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்காவுக்கு அன்று வேலை. நான் தனி ஆள். என்னைப் போன்ற திருச்சிக்காரனுக்கு யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கொடுக்க யோசிப்பதே அவள் அப்பாவுக்குப் பெரிய விட்டுக்கொடுப்பு. இதில் காதலும் சேர்ந்தால் கதை கந்தல்.

வெளியே நல்ல மழை. உள்ளே டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. விருந்தாளி வந்தான் என்று படத்தை நிறுத்துகிற ஆள் அவர் இல்லை. திரையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. போன வருடம் நாங்கள் இருவரும் தியேட்டரில் பார்த்த படம். அமெரிக்காவில், பழைய கால வாழ்க்கையை விடாத ஆமிஷ் என்ற கிறிஸ்தவ மக்கள் வாழும் ஊரில் ஒரு கொலை; துப்பறிய நகரத்திலிருந்து ஒரு போலீஸ்காரி வருகிறாள். எல்லாருக்கும் ஒரே தொப்பி, ஒரே தாடி. யாரைப் பிடிப்பாள், பாவம்.

"கரண்ட் இல்லை, கார் இல்லை, குதிரை வண்டிலிலை போகினம். பாத்தீரோ தம்பி?" என்றார். "நல்ல சனம். பிள்ளையளும் தாய்தகப்பன் சொல்லுக் கேக்குதுகள்."

"ஆமா அங்கிள்."

"இந்தப் படம் முந்திப் பாத்தனீரோ?"

"இல்ல அங்கிள்."

தயக்கமே வரவில்லை. முழுப் பொய்யின் மேல் உட்கார்ந்திருப்பவனுக்கு இன்னொன்று பாரமா என்ன?

தாடிக்காரர் ஒருவர் லாந்தரோடு மாட்டுக் கொட்டகைக்குள் போனார். இங்கே அவள் தேநீர்த் தட்டோடு வந்தாள். சேலை, குனிந்த தலை. அந்த அடக்கத்தைக் கண்டு எனக்கே அவள் யாரோ என்று தோன்றியது. தேநீரை எடுக்க அவள் அப்பா எங்கள் பக்கம் திரும்பினார். படத்தில் சத்தமே இல்லை; ஒரு பசு அசைபோட்டுக்கொண்டு நின்றது, அவ்வளவுதான்.

நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அவள் தட்டைச் சட்டென்று மேசையில் வைத்துவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் படத்தில் பரணிலிருந்து பிணம் தடாலென்று விழுந்தது. துள்ளி எழுந்தவர் அவர் ஒருவர்தான்.

ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அந்தப் போலீஸ்காரிக்கு இந்த மூளை இருந்திருந்தால் படம் அரை மணியில் முடிந்திருக்கும்.

"ஆர் ஆரைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது?"

அவள் இந்த நாட்டிலேயே பிறந்தவள்; அப்பா எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அன்று தமிழில் சொன்னாள்.

"நான்தான் அப்பா கூட்டிக்கொண்டு போனனான். எனக்கு இவரைத்தான் பிடிச்சிருக்கு."

எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. அவளை இழந்துவிடுவேன் என்று அதற்கு முன் ஒருநாளும் நான் நினைத்ததில்லை. பிறகு அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அப்ப கொலைகாரன் ஆரெண்டு உமக்குத் தெரியும்?"

"தெரியும் மாமா." அங்கிள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சொல்லிப்போடாதையும்," என்றார். தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டு ரிமோட்டை அமுக்கினார். "முதல் இது முடியட்டும். பிறகு கலியாணத்தைக் கதைப்பம்."