மல்லேஸ்வரத்து மவுசர்

மல்லேஸ்வரத்தில் குடியிருந்த வெங்கடசுப்ரமணியன் வெங்காயம் சாப்பிட மாட்டார். கரப்பான் பூச்சியை அடிக்க மனம் வராமல் காகிதத்தில் ஏந்திப்போய்த் தெருவில் விட்டுவிட்டு வருவார். வீட்டில் மூன்று ராணுவத் துப்பாக்கிகள் வைத்திருந்தார்.

சர்வே ஆபீஸில் வரைபடம் போடுகிற உத்தியோகம். 1948இல், சீமைக்குக் கிளம்பிய கண்டோன்மெண்ட் வெள்ளைக்காரர் ஒருவரின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. சாப்பாட்டு மேஜை வாங்கப் போனவர், போன நூற்றாண்டில் செய்த ஒரு ஜெர்மன் மவுசர் துப்பாக்கியை ஏலம் எடுத்தார். நாலு மாதம் அலைந்து லைசென்ஸ் வாங்கி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மனைவி பாகீரதி கேட்டாள்:

"மேஜை எங்கே?"

"இது அதைவிட நாள் உழைக்கும்."

அந்த வீட்டில் கடைசிவரை தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். மவுசருக்குத் துணையாகப் பின்னால் இன்னும் இரண்டு வந்தன.

ஞாயிறு தவறாமல் சுடும் மைதானத்துக்குப் போவார். ஒவ்வொரு குண்டுக்கும், தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, அமுக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் இருந்த பிரியம் குண்டு எங்கே போனது என்பதில் அவருக்கு இருந்ததில்லை. இருக்க நியாயமும் இல்லை; அது குறிப்பலகையில் பட்டது அபூர்வம். வெளிநாட்டுத் தோட்டா வருவது நின்று, மவுசருக்குப் பதினொன்றுதான் மீதி என்று ஆனபிறகும் போய்க்கொண்டுதான் இருந்தார். குப்புறப் படுப்பார், குறி பார்ப்பார், வெறும் போல்ட்டை இழுத்துத் தள்ளுவார், எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். முன்னைவிட இப்போது குறி தப்புவதில்லை என்றும் சொல்லிக்கொண்டார்.

வருஷத்தில் ஒருநாள் மட்டும் துப்பாக்கிகள் பாகீரதியின் கைக்குப் போகும். ஆயுத பூஜைக்கு முதல்நாள், குத்துவிளக்கையும் மவுசரையும் ஒரே வரிசையில் வைத்துச் செங்கல்பொடியும் புளியும் போட்டுத் தேய்ப்பாள். மறுநாள் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். பளபளப்பில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. குங்குமத்தில்தான் சண்டை. "ராணுவச் சாமானுக்கு யாராவது பொட்டு வைப்பாளோ?" என்று விஜயதசமி முடிந்த கையோடு துடைத்துவிடுவார். பதினாலு வருஷம் இப்படியே நடந்தது.

1962இல் புதுச் சட்டம் வந்தது. லைசென்ஸில் இருக்கும் எண்ணும் துப்பாக்கியில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க, ஆயுத பூஜை கழிந்த வாரம் போலீஸ் தபேதார் கோவிந்தப்பா சைக்கிளில் வந்தார். இரண்டு துப்பாக்கிகள் ஒத்துப்போயின. மவுசரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சாமி, கண்ணாடி மாதிரி கீது. மூஞ்சி தெரியுது, நம்பர் தெரியலியே?"

வெங்கடசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். எண் இருக்கவேண்டிய இடத்தில் அவர் மூக்குதான் இருந்தது.

"நான் வேணும்னு அழிக்கலை, தபேதார். பூஜைக்குத் தேய்ச்சது."

"அது எனக்குத் தெரியுது சாமி. ரூல்ஸுக்குத் தெரியாதே. நம்பர் இல்லாத சாமானை ஸ்டேஷனுக்குத்தான் எடுத்துப் போவணும். போனா திரும்பி வராது."

வெங்கடசுப்ரமணியன் மவுசரின் போல்ட்டை ஒருமுறை இழுத்துத் தள்ளினார். கோவிந்தப்பா கோணியை விரித்தார்.

உள்ளேயிருந்து காபியோடு வந்த பாகீரதி, டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏன்னா, குங்குமத்தைத் துடைச்சேளா?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"வருஷா வருஷம் பொட்டு வெச்சா அந்த இடத்துல செவப்பா எழுத்து தெரியும். நீங்க துடைச்சா போயிடும். நான் பாத்திருக்கேனே."

போய் நல்லெண்ணெயில் குங்குமத்தைக் குழைத்துக்கொண்டு வந்தாள். இரும்பில் அழுத்தித் தடவி, புடவைத் தலைப்பால் மேலாக ஒரே வழிப்பு. தேய்ந்த பள்ளங்களில் மட்டும் சிவப்பு நின்றது. 4, 1, 6, 7.

கோவிந்தப்பா லைசென்ஸைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"கரெக்டா கீது அம்மா. ஆனா அடுத்த தபா யாரு வருவாங்களோ" என்றவர், யோசித்து, லைசென்ஸின் குறிப்புக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'எண் உள்ளது. குங்குமம் தடவினால் தெரியும்.'

அதற்குப் பிறகு புளி குத்துவிளக்கோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் மவுசர் நெற்றியில் பொட்டோடு மைதானத்துக்குப் போனது. யாராவது கேட்டால், சர்க்கார் உத்தரவு என்பார்.

மூன்று வருஷம் கழித்து லைசென்ஸைப் புதுப்பிக்கிற சமயத்தில் வேறொரு அதிகாரி வந்தார். வெங்கடசுப்ரமணியன் மவுசரின் சரித்திரத்தை ஏலத்திலிருந்து ஆரம்பித்தார். அதிகாரி குறிப்புக் கட்டத்தை இரண்டு முறை படித்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார்," என்றார். "அம்மாவைக் கூப்பிடுங்க."