அக்கரைக்கு ஒரு கேபிள்

பல்கலைக்கழகக் கணினி மையத்தில் அவரை எல்லோரும் 'கேபிள் அம்மா' என்றே கூப்பிட்டார்கள். எந்தத் துறையில் இணையம் படுத்துக்கொண்டாலும் ஏணியோடு போய் நிற்கிற பொறியாளர் அவர்தான்.

அந்த ஊர் எல்லை ஆற்றின் கரையில் இருந்தது. அக்கரையில், அடுத்த நாட்டில், இன்னொரு பல்கலைக்கழகம். மாடியில் நின்றால் அதன் கட்டடங்கள் தெரியும். ஆனால் அங்கிருந்து அனுப்புகிற தகவல் கடல் தாண்டி, வேறொரு கண்டத்தைச் சுற்றிவிட்டுத்தான் இங்கே வரும். மழைக்காலத்தில் அதுவும் அடிக்கடி நின்றுபோகும். ஒரு வருடம், ஆறு ஏறுகிறது என்று அக்கரை ஆய்வாளர்கள் அனுப்பிய செய்தி இங்குள்ள நீரியல் துறைக்கு வந்து சேர்வதற்குள் வெள்ளம் வந்துவிட்டது. கேபிள் அம்மாவின் தங்கை வீட்டில் கழுத்தளவு தண்ணீர். உயிர் தப்பியதே பெரிது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. இரு நாட்டு மின்வாரியங்களும் ஆற்றுப்பாலத்தின் மேல் போட்டிருந்த கேபிளில் சில கண்ணாடி இழைகள் சும்மாக் கிடந்தன. அவற்றைக் கேட்டு வாங்கினால் இரண்டு பல்கலைக்கழகங்களும் நேராகப் பேசிக்கொள்ளலாம். அக்கரைப் பொறியாளரைத் தொலைபேசியில் பிடித்தார். அவருக்கும் அதே ஆசை. முகம் பார்க்காமலே இவர் அவரை 'அண்ணே' என்றார். அவர் இவரை 'அக்கா' என்றார்.

மின்வாரியங்கள் சம்மதித்துவிட்டன. துணைவேந்தர்கள்தான் அசையவில்லை. அக்கரை முதலில் ஒத்துக்கொள்ளட்டும் என்றார் இங்குள்ளவர். அங்குள்ளவரும் அதையே சொன்னார். பேச்சு வருடக்கணக்கில் இழுத்தது. அந்த அண்ணனிடம் பேசுவதில் பாதியைத் தன்னிடம் பேசினால் புண்ணியமாகப் போகும் என்று தையல்கடை வைத்திருந்த கணவர் கிண்டல் செய்வார்.

ஒரு நாள் பொறுமை போய்விட்டது. கேபிள் அம்மா துணைவேந்தரின் அறைக்குள் நுழைந்தார்.

"அவங்க சம்மதிச்சுட்டாங்க சார். நம்ம கையெழுத்துக்குத்தான் காத்திருக்காங்க."

துணைவேந்தர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்த பிறகுதான் கேபிள் அம்மாவுக்குச் செய்தது உறைத்தது. சொன்னது பொய். தெரிந்தால் வேலைக்கே உலை. உடனே அக்கரைக்குப் பேசி நடந்ததைச் சொன்னார். மறுமுனையில் 'ஐயையோ' என்றார் அவர்.

"என்னண்ணே, கோபமா?"

"இல்லக்கா. போன வாரம் எங்க ஐயாகிட்ட நானும் இதே பொய்யைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன்."

கேபிள் அம்மா சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

இழைகளைப் பற்றவைக்கிற அன்று பாலத்தில் இருவரும் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டார்கள். 'அண்ணன்' அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"நான் சரியாத்தான் கூப்பிட்டிருக்கேன்," என்றார் அக்கரைப் பொறியாளர்.

அடுத்த மழையில் ஆற்றின் அளவு உடனுக்குடன் நீரியல் துறைத் திரையில் வந்தது. தாழ்வான தெருக்காரர்கள் பொழுதோடு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். தங்கை இம்முறை பாத்திரம் பண்டங்களைக்கூட விட்டுவிடாமல் எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது மூன்றாவது நாட்டிலிருந்து ஒரு மருத்துவக் கல்லூரி தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறது. நடுவில் பாலம் கிடையாது, மலைதான். மேலே தொலைத்தொடர்புக் கோபுரம் நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்க்க, அக்காவும் தம்பியும் அடுத்த வாரம் ஏறப்போகிறார்கள்.