சொந்த வாக்கியம்

இன்று வேலியோரத்தில் கோவை இலையைக் கிள்ளியதும் எழுந்த பச்சை வாசம், உடையார்பாளையம் பக்கம் இப்போது இடித்துவிட்ட எங்கள் ஓட்டுப் பள்ளிக்கூடத்தைக் கண்முன் நிறுத்தியது. அந்த இலையால்தான் சிலேட்டைத் துடைப்போம். வெள்ளிக்கிழமைதோறும் சார் கரும்பலகையில் ஐந்து புதுச் சொற்களை எழுதுவார். ஓடு அதிர அவற்றைக் கத்திப் படித்தபின், ஒவ்வொன்றையும் வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும்.

ஒரு வாரம் ‘எஜமான்’ வந்தது. எல்லோரும் ‘எஜமான் நல்லவர்’ என்று எழுத, எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த நான், ‘என் அம்மாவுக்கு எஜமான் இல்லை’ என்று எழுதினேன்.

தோப்புக்காரர் மகள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “ஏண்டி, ஒங்கம்மா எங்க தோப்புலதான முந்திரி பொறுக்குது?”

“பொறுக்குது, கூலி வாங்குது. அதுக்கு?”

“அழிச்சுட்டு வேற எழுது,” என்றார் சார்.

“சொந்தமா எழுதச் சொன்னீங்களே சார்?”

பிரம்பு இரண்டு முறை விழுந்தது. நான் அழிக்கவில்லை. எழுத்து கலையாதபடி சிலேட்டை எட்டப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்து, முந்திரிக் கறை படிந்த கைகளோடு உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டி, நடந்ததையும் சொன்னேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு சிலேட்டை ஓரமாகப் பிடித்து வாங்கினாள். “அவங்க வேலைக்குக் கூப்புடலன்னா வேற தோப்பு இருக்கு. அழிச்சுடாத, ஒங்கப்பா வரட்டும், அவருக்கும் படிச்சுக் காட்டு.”